ரூபிக்கு இப்போது தலையணை வேண்டாம்

கிரேசி அப்பா,

குழம்பு அடுப்படியில் மூடியிருக்கிறது. ஏரலில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருவேன்.

"பிள்ளை உருளாம ரெண்டு பக்கமும் தலையணையால அணை குடுத்திருக்கேன்" என்றீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டு, பேத்தியைக் கீழே பாயில் படுக்கவைத்திருக்கிறேன். ரூபிக்கு ஒன்றரை வயதுதான். இரண்டு முடியட்டும், தலைக்கு மட்டும் தட்டையாக ஒன்று தைத்துத் தருகிறேன்.

நம் மூத்தவன் சாலமோனுக்கும் இப்படித்தான் அணை கொடுத்தீர்கள். இலவம்பஞ்சில் முகம் புதைந்து மூச்சு நின்றது. "ஏளா, தலையணைய யாரு வச்சா?" என்று உங்கள் அம்மா கேட்டார்கள். "நான்தான் அத்தை" என்றேன். நீங்கள் வாய் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாயிற்று.

பின்குறிப்பு: கிரேசி பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது, ஏன் பாயில் என்று கேட்பாள். அண்ணன் என் கவனக்குறைவால் போனான் என்றுதான் நம் மகளும் நம்பியிருக்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள்.