பசியை அடக்கினாய், குருதி அடங்கவில்லை

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் திரும்பும் பேருந்தில் நேற்று ஒரு பெண்ணை அடித்துவிட்டேன்.

என் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தாள். கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். வெள்ளித் தகடு கிழிந்து 'டப்' என்றது. அவ்வளவுதான், என் கை என்னைக் கேளாமலே எழுந்து அவள் மணிக்கட்டில் ஓங்கி அறைந்தது. மாத்திரை தெறித்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உருண்டோடியது.

"ஏங்க, பைத்தியமா ஒங்களுக்கு? தலவலி மாத்திரைங்க அது!"

பின்னிருக்கைப் பெரியவர் ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார். "நம்ம பட்டிமன்றத்து அம்மால்ல இது? மேடையிலதான் அடிச்சு நொறுக்குவாங்க. இப்ப பஸ்ஸுலயுமா?"

பேருந்தே சிரித்தது. நான் கைகூப்பிப் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டினேன். அந்தப் பெண் சன்னலோரம் ஒதுங்கி, என் கைகளின் மீது ஒரு கண் வைத்தபடியே இன்னொரு மாத்திரையை விழுங்கினாள். கோவில்பத்தில் இறங்கியபோதும் அந்த 'டப்' எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓசையோடுதான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தோழி, உன்னைக் கொன்றவற்றின் மேல் எனக்குள்ள வெறி இன்னும் தணியவில்லை. தணிக்க நான் முயலவும் இல்லை.

உன் பேருடல் உனக்கு ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. கல்லூரிப் பட்டிமன்றத்தில் முதன்முதலாக எதிரணியில் நீ எழுந்து நின்றபோது மேடைப் பலகை கிறீச்சிட்டது. அரங்கில் சிலர் சிரித்தார்கள். நீ பலகையை இன்னொரு முறை மிதித்து, "பலகைக்கே பயம் வந்துருச்சு, ஒங்களுக்கு வரலியா?" என்று கேட்டாய். சிரித்தவர்கள் கைதட்டினார்கள். அன்று உன்னிடம் நான் தோற்றேன். தோற்ற கையோடு உன்னுடன் உணவுக்கடைக்கு வந்தேன். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு நீ சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சோறுதாண்டி என் கொரலு."

அது உண்மையென்று திருவேட்டக்குடித் திருவிழாவில் கண்டேன். பாதிப் பேச்சில் ஒலிபெருக்கி செத்தது. நான் தடுமாறி நிறுத்தினேன். நீ எழுந்தாய். கடற்காற்று எதிர்த்து அடிக்க, அலையோசைக்கு மேலே, கடைசி வரிசையில் வலைமேல் அமர்ந்திருந்தவர் வரை கேட்கும்படி முழங்கினாய். "இந்தம்மாவுக்கு மைக் செட்டுக் காச மிச்சம் பண்ணிருக்கலாம்யா" என்று யாரோ கத்தினார்கள். உடல் என்று அவர்கள் எள்ளியது, நமக்குத் தெரியும், முழவு.

அந்த முழவைக் கிழிக்க வந்தார்கள், பெண் பார்க்க.

மாப்பிள்ளை வீடு கோட்டுச்சேரிப் பக்கம். நிலமும் அரசு ஊதியமும் உள்ள குடும்பம். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. அவருடைய தாய்மாமன்தான் பேசினார். கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு தங்கமான பொண்ணுதாங்க. கொஞ்சம் ஒடம்பக் கொறச்சிட்டா மணவறையில மாப்ளைக்கும் ஒக்கார எடம் கெடைக்கும்" என்றார். கூடம் முழுவதும் சிரிப்பு. நீயும் சிரித்தாய். பலகையை மிதித்துப் பதில் சொன்னவள் அன்று ஏன் சிரித்தாய் என்று மறுநாள் உன்னைப் பிடித்து உலுக்கினேன். உன் தங்கை கயல்விழி துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கமாகக் கண்ணைக் காட்டினாய்.

"நான் நகந்தாத்தாண்டி அவளுக்கு வழி. எத்தன நாளைக்கு வாசல அடைச்சிக்கிட்டு நிக்கிறது?"

மருத்துவரிடம் உன் அன்னையோடு போனாய். அங்கே நடந்தது அப்போது எனக்குத் தெரியாது. நீ போன பின்பு கயல் சொல்லித்தான் தெரியும்.

பசியை அடக்கும் மாத்திரை எழுதுமுன் அந்த மருத்துவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்: குருதிக் கொதிப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது பக்கவாதம் வந்ததா? கேட்டவர் பக்கத்தில் கருவியோடு நின்ற செவிலி, மாப்பிள்ளை வீட்டுத் தெருக்காரி. உன் அன்னை அவளைப் பார்த்தார். "எங்க வமுசத்துலயே கெடையாதுங்க" என்றார். உன் தந்தை வாய் கோணி வரப்பில் விழுந்து இறந்தவர். அதையும் 'வழுக்கி விழுந்தார்' என்றுதானே ஊருக்குச் சொன்னீர்கள்? இரண்டு பெண்கள் இருக்கும் வீட்டில் நோய்க்குப் பெயர் சொல்லக் கூடாது. பெயர் வெளியே போனால் மாப்பிள்ளை உள்ளே வரமாட்டான். நம் ஊர்களில் எத்தனை வீடுகள் இப்படி வாயைத் தைத்துக்கொண்டு வாழ்கின்றன!

கருவி பொய் சொல்லவில்லை. உன் அளவு ஏறியிருந்தது. "வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்தாங்க, அதான்" என்றார் உன் அன்னை. மருத்துவர் ஒப்பவில்லை. சில நாள் கழித்து மறுபடி வந்து காட்டுங்கள், அளவு சரியாக இருந்தால்தான் இந்த மாத்திரை என்றார். அந்த மறு வருகையில்தான் உன் சாவு எழுதப்பட்டது. தான் ஒளித்து வைத்து விழுங்கும் கொதிப்பு மாத்திரையில் ஒன்றைக் காலையிலேயே உன் வாயில் போட்டு அழைத்துப் போனார் உன் அன்னை. அளவு தணிந்து காட்டியது. மருத்துவர் நம்பினார். அதன் பிறகு மருத்துவரைப் பார்க்கும் நாளில் மட்டும் அந்த மாத்திரை. மற்ற நாளெல்லாம் பசியை அடக்குவது மட்டும். தேர்வு நாளில் மட்டும் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் போல உன் குருதி நல்ல பெயர் வாங்கி வந்தது.

மாத்திரையை மட்டும் பழித்தால் எனக்கு எளிது. மேடையில் கைதட்டலும் கிடைக்கும். அது சிலருக்கு நன்மை செய்யும், சிலர் அதன் பக்கமே போகக் கூடாது. நீ எந்தப் பக்கம் என்று கேட்டவரிடம் பொய் சொன்னீர்கள். என் நெஞ்சைக் குத்துவது அதுதான்.

அந்த மாதங்களில் உன்னை எது பிடித்து ஆட்டியது என்று நான் அறியவில்லை. உன் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான்கு சொல்லுக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தாய். உறக்கம் போயிற்று. "நெஞ்சுக்குள்ள யாரோ கதவத் தட்டிக்கிட்டே இருக்காங்கடி" என்றாய். மருத்துவரிடம் சொல் என்றதற்கு, "சொன்னா நிறுத்திடுவாரு" என்று என் வாயைப் பொத்தினாய். உன் கை நெருப்பாய்ச் சுட்டது.

பிறகு அந்த நண்டுக் குழம்பு. உனக்குப் பிடிக்குமே என்று தூக்கில் எடுத்து வந்தேன். மூடியைத் திறந்ததும் உன் முகம் வேறு யாருடையதாகவோ மாறியது. "எதுக்குடி கொண்டாந்த? என்னக் கொல்லவா?" தூக்கைப் பறித்துச் சுவரில் விட்டெறிந்தாய். செங்குழம்பு சுண்ணாம்புச் சுவரில் குருதியாய் வழிந்தது. நண்டின் கொடுக்கு என் கன்னத்தைக் கீறியது. என் முடியைப் பற்றி இழுத்தாய். நானும் உன் தோளைப் பிடித்துத் தள்ளினேன். கயல் ஓடிவந்து நம் நடுவே விழுந்தாள். அவள் முதுகில் உன் அடி விழுந்தது. அந்த ஓசையில்தான் நீ நின்றாய். தரையில் அமர்ந்து அழுதாய். சொட்டுக் கண்ணீர் இல்லை. "பசியே இல்லடி. ஆனா எல்லாத்தையும் கடிச்சுக் கொதறணும்போல இருக்கு" என்றாய். எறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டு நடக்கிறவள் நீ.

தையற்கடையில் முடிந்தது எல்லாம். மணப்பெண் சட்டைக்கு அளவெடுத்த தையற்காரர் நாடாவைத் தூக்கிக் காட்டி, "அம்மா, பழைய அளவுல இது பாதிக்கு வராது போலருக்கே! பொண்ணு பாதியாயிட்டாங்க" என்றார். உன் அன்னை மகிழ்ந்து நெட்டி முறித்தாராம். நீ சிரிக்க வாயெடுத்தாய். சிரிப்பு ஒரு பக்கமாக மட்டுமே ஏறியது. தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, தைத்து முடித்த துணிக்குவியலின் மேல் வாந்தியெடுத்து விழுந்தாய். மூளையில் குருதிக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் முற்பகலில், உயிர் அடங்கி அரைப்பங்காகிவிட்ட உன்னை என்னிடம் காட்டினார்கள். அந்த முழவு கிழிந்துகிடந்தது.

பதினாறாம் நாள் உன் படத்திறப்பு. கோவில்பத்தில் உன் வீட்டு வாசலில் பந்தல், ஒலிவாங்கி, நூறு இருக்கை. உன்னைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேசுமுன் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அங்கே அந்தத் தாய்மாமன் உன் அன்னையிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நடந்தது நடந்து போச்சுங்க. சின்னவ இருக்கால்ல? பேச்ச முறிக்க வேணாம்னு மாப்ள வீட்டுல சொல்றாங்க. இவளும் கொஞ்சம் கனமாத்தான் இருக்கா. கொறச்சுக்கலாம்."

"கொறச்சுருவாங்க. ஆரம்பிச்சாச்சுங்க" என்றார் உன் அன்னை.

ஆரம்பிச்சாச்சு! கயலை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அவள் உதடு வெடித்திருந்தது. கேட்காமலே இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள்: நீ மிச்சம் வைத்த அட்டை. நீ மறைத்ததும், மருத்துவர் நாளில் மட்டும் விழுங்கியதும், எல்லாம் அங்கேதான் அவள் அழுதுகொண்டே கொட்டினாள். "எனக்கும் அப்பா மாதிரியேதான்க்கா, ஏறிக்கிட்டுக் கெடக்கு. அம்மாவுக்குத் தெரியும்."

உன் அன்னை பின்னாலேயே வந்து என் இரு கையையும் பற்றினார். "மைக்குல ஒண்ணும் சொல்லிராதம்மா. ஒன் வாய்க்குப் பயமா இருக்கு. செத்தவ செத்தா, இருக்கறவ வாழட்டும்."

"இருக்கிறவள் வாழத்தான் சொல்லப்போகிறேன்" என்று கையை உதறிவிட்டு மேடையேறினேன்.

மேடையில் நான் எத்தனையோ முறை சீறியிருக்கிறேன். அன்று சீறவில்லை, வெட்டினேன். "இவள் விதியால் சாகவில்லை. இவள் குருதி கொதித்தது. இவள் தந்தைக்கும் கொதித்தது. இந்தக் கூடத்தில் சிரித்தீர்களே, மணவறையில் இடமில்லை என்று, அந்தச் சிரிப்புக்குப் பயந்து நோயை மறைத்தார்கள். கேட்ட மருத்துவரை ஏமாற்றினார்கள். பசியைக் கொல்லும் மாத்திரை இவளையே கொன்றது. அந்த மிச்சத்தை இன்று தங்கைக்கு ஊட்டுகிறார்கள்!"

தாய்மாமன் ஓர் இருக்கையைத் தூக்கி மேடையை நோக்கி எறிந்தார். "வாய மூடு! கருமாதி வீட்டுல வந்து கலகம் பண்றியா?" ஒலிவாங்கிக் கம்பி சாய்ந்து என் உதட்டைக் கிழித்தது. வாயில் குருதி உப்புக்கரித்தது. நான் நிறுத்தவில்லை. உன் அன்னை மேடையேறி வந்தார். தலைமயிர் அவிழ, என் இடப்பக்கம் அறைந்தார். மறுபடி அறைந்தார். "எம் பொண்ண நானா கொன்னேன்? சொல்லுடி, நானா கொன்னேன்?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தார். செவிக்குள் துணி கிழிவதைப் போல ஏதோ கிழிந்தது. நான் கையைத் தூக்கவில்லை. எந்தக் கையைத் தூக்குவேன், உன்னைப் பெற்றவள் மேல்?

அப்போது கயல் ஏறிவந்தாள். பள்ளி ஆண்டு விழாவில்கூட மேடைக்கு அஞ்சி அழுதவள். சாய்ந்து கிடந்த ஒலிவாங்கியை இரு கையாலும் தூக்கினாள்.

"எனக்கும் பிரஷர் இருக்கு. அப்பாவுக்கு இருந்திச்சு. அம்மாவுக்கு இருக்கு. அக்காவுக்கு இருந்திச்சு." மூச்சு வாங்கினாள். "ஒங்க மணவறையில எனக்கு எடம் வேணாங்க. எந்திரிச்சுப் போங்க!"

பந்தல் முழுவதும் அந்தக் குரல் அதிர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். உன் அன்னை ஓங்கிய கையோடு நின்றவர், அப்படியே மேடையில் சரிந்து உட்கார்ந்தார்.

இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. தெருவில் கண்டால் முந்தானையை உதறிவிட்டுப் போகிறார். கயலுக்கு வரன் வருவது நின்றுபோயிற்று. ஊரில் மூன்று பேர் திருமண அழைப்பில் என் பெயரை விட்டுவிட்டார்கள். சொல்லக் கூடாததைச் சொல்கிறவள் என்று. ஆனால் அரசு மருத்துவமனை வரிசையில், கோட்டுச்சேரிமேட்டுப் பெண் ஒருத்தி கயலிடம் வந்து, "நீங்கதான அன்னிக்கு மைக்குல சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் மகளையும் அழைத்து வந்து வரிசையில் நிறுத்தினாளாம்.

என் இடச்செவி போய்விட்டது, தோழி. மருத்துவம் பார்த்தும் மீளவில்லை. மேடையில் இப்போது கைதட்டல் ஒரு பக்கமிருந்துதான் வருகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உன் அன்னையின் துயரம் எனக்குத் தந்தது அது. உடம்பில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கயலுக்கு அது தெரியும். மாதந்தோறும் அளவு பார்த்துவிட்டு மருத்துவமனையிலிருந்து நாங்கள் நடந்து வரும்போது, யாரும் சொல்லாமலே அவள் என் வலப்பக்கமாக வந்துவிடுகிறாள். கடைத்தெரு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"அக்கா, பசிக்குதுக்கா. சாப்டுட்டுப் போலாம்."