இலவச மூச்சு

நிலையம் மூன்று, நிலவின் தென்முனை. பொறுப்பாளர் நறுமுகை. தனியாள்.

நாள் 112. 07:10

கரியமில வாயு 0.4 சதவீதம். வெப்பம் 21. பனிக்கட்டித் துளைப்பு இரண்டு மீட்டர். எல்லாம் சீர்.

காற்றுச் சுத்திகரிப்பானை இயக்குவது 'மூச்சு' என்ற நிரல். கோவையில் ஒரு மாடி அறையில் நானும் தமயந்தியும் எழுதியது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று வலையில் வைத்தோம். இன்று நிலவில் ஒன்பது நிலையங்கள் அதை நம்பிச் சுவாசிக்கின்றன. ஒருத்தி மட்டும் எதையும் நுழைத்துவிடக் கூடாது என்பதால், புதுப் பதிப்பு எதுவானாலும் எங்கள் இருவரின் மின்கையெழுத்தும் வேண்டும்.

தமயந்தியிடமிருந்து: "ஏய் நறு, உயிரோடதான் இருக்கியா? இங்க மழை பின்னுது. புதுப் பதிப்பு அனுப்பறேன், கையெழுத்தப் போட்டுடு. புத்தகம் மாதிரி படிச்சுட்டு உக்காந்திருக்காதடி. எல்லாம் சில்லறைத் திருத்தம்தான்."

படிக்காமல் போட்டேன். ஆறு வருடமாக அப்படித்தான்.

நாள் 115. 11:40

சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. திரையில்: "இந்நிலையம் உரிமம் பெறவில்லை."

நிரலைத் திறந்து பார்த்தேன். நாங்கள் எழுதிய வரிகள் இல்லை. படிக்க முடியாத இயந்திரக் குறிகள்தான் இருக்கின்றன. பழைய கையெழுத்துகள் அத்தனையும் செல்லாது என்று அதில் ஓர் ஆணை. அதற்கும் நான்தான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

விசிறியைக் கையால் சுற்றலாம். வடிகட்டியின் வால்வுகள் நிரல் சொன்னால்தான் திறக்கும். மீட்புக்கலம் வர பதினொரு நாள். என் கணக்கில் காற்று ஐந்து நாளுக்கு.

நாள் 116. 09:15

1.7 சதவீதம்.

நீள்வான் என்ற நிறுவனத்திலிருந்து: "மேடம், மூச்சு இப்ப எங்க சொத்து. தமயந்தி மேடம்கிட்ட வாங்கிட்டோம். உரிமப் பத்திரத்துல நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. 'இலவசமாக வழங்கப்படும்'னுதான் அதுல இருக்கு. இலவசத்த எப்ப வேணா நிறுத்தலாம் இல்லீங்களா?"

உரிமப் பத்திரம் எழுதும்போது அந்த ஒரு சொல்லுக்காக நானும் அவளும் ஒரு வாரம் சண்டை போட்டோம். 'இலவசம்' வேண்டாம், 'கட்டற்றது' என்று எழுது என்றேன். இலவச மிக்சியில் கொடுத்தவர் முகம் ஒட்டியிருக்கும். கொடுத்தவர் நினைத்தால் நின்றுவிடும். கட்டற்றதை யாரும் நிறுத்த முடியாது. சரிடி, மாத்திடறேன் என்றாள். நான் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கடைசிப் படியை வாசிக்காமல் ஒப்பமிட்டேன்.

தமயந்திக்கு நான்கு செய்திகள் அனுப்பினேன். பதில் இல்லை.

நாள் 117. 14:05

3.0. தலைவலி. வார்த்தைகள் கொஞ்சம் தாமதமாக வருகின்றன.

நிலையம் ஏழில் தனியாக இருக்கும் கிருபாகரன் அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய சுரங்கக் குழுமம் உரிமம் வாங்கிவிட்டதால் அங்கே காற்று ஓடுகிறது.

"தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. பழைய மூச்சில ஒரு நகல் எடுத்து வச்சிருக்கிறன். இப்ப அதைக் கள்ளச் சரக்கு எண்டு சொல்லுவினம். எழுதின பிள்ளைக்கே கள்ளச் சரக்கோ? நல்ல பகிடி. இந்தாங்கோ, பிடியுங்கோ."

வந்து சேர்ந்தது. என் பழைய வரிகள். ஓரிடத்தில் தமயந்தியின் குறிப்பு: 'இந்த இடத்தை நறு தூக்கத்தில் எழுதினாள், நம்பாதீர்கள்.' சிரித்தேன். மூச்சு வாங்கியது.

நிறுவினேன். புதிதாக இட்ட என் கையெழுத்து ஏற்கப்பட்டது. "இரண்டாவது கையெழுத்துக்குக் காத்திருக்கிறது."

நாள் 118. 16:30

4.3. எண்ணை இருமுறை பார்த்து எழுதுகிறேன்.

கடைசியில் தமயந்தி: "நறு, நான் கையெழுத்துப் போட முடியாதுடி. என் மின்கையெழுத்துச் சாவி இப்ப அவங்க கையில, நீ கேட்டது அவங்களுக்குத்தான் போச்சு. நிலவுல இருக்கற உன்ன நிறுத்துவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் பண்ணு. திருட்டு நகல் யார் கொடுத்தாங்கன்னு கேக்கறாங்க. ஒரு பேர்தான். சொன்னா உடனே திறந்துடறாங்க. அந்தாளுக்கு ஒண்ணும் ஆகாது. நோட்டீஸ் அனுப்புவாங்க, அவ்வளவுதான். என்ன நம்புடி."

கூடவே ஒரு படிவம். நீளமானது.

சொல்ல மாட்டேன்.

நாள் 119. நேரம் தெரியவில்லை

5.6 அல்லது 5.9 எண் அசைகிறது
படிவம் பதினேழு பக்கம் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று
மூன்றாம் பக்கம் வரை
ஒண்ணும் ஆகாது என்றாள் அவள் பொய் சொன்னது இரண்டு தடவைதான் ஆறு வருடத்தில் இரண்டு
நோட்டீஸ்தானே
கீழே ஒரு கட்டம் பெயர்

நாள் 124. 07:10

கரியமில வாயு 0.4 சதவீதம். வெப்பம் 21. தலைவலி இல்லை.

இன்று படிவத்தை முழுதாக வாசித்தேன். பதினான்காம் பக்கம்: நகல் வழங்கிய நிலையத்தின் உரிமம் அன்றே ரத்து.

நாள் 120இல் கிருபாகரன் அழைத்திருந்தார். "தங்கச்சி, இஞ்சையும் நிண்டிட்டுது. ஏனெண்டு விளங்கேல்ல. உங்கட கையெழுத்து ஒண்டு போட்டு விடுங்கோ, பழையதை ஏத்திப் பாப்பம்." போட்டு அனுப்பினேன். இன்னொன்று தமயந்தியுடையது. வரவில்லை. அவர் அறை என் அறையில் பாதி, காற்று இரண்டரை நாளுக்கு. காரணத்தை அன்றே ஊகித்தும் நான் அவரிடம் சொல்லவில்லை.

நேற்று முன்தினத்திலிருந்து நிலையம் ஏழு அழைப்பை எடுப்பதில்லை.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: பழைய மூச்சின் எல்லா வரிகளையும் இந்தக் குறிப்போடு இணைத்திருக்கிறேன். நகலெடுத்துக்கொள்ளுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். கொடுத்தவர் பெயர் கிருபாகரன். அதை அவர்களிடம் சொன்னது நான்.