மூன்றாவது வாளி

யாங்கோன், கியாக்டடா
26 மார்ச் 2024, செவ்வாய்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நலம். பாங்காக் வெயிலில் உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது? புருஷனும் பெண்டாட்டியும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். நசீர் பாய் நாளைக் காலை துணி வாங்க விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்றாவது வாளி பியரை ஞாயிற்றுக்கிழமை போட்டேன். மால்ட் சாற்றைக் காய்ச்சி, ஆறவைத்து, நீங்கள் கடையில் வாங்கிக் கொடுத்தனுப்பிய ஈஸ்டைத் தூவி மூடினேன். சாயங்காலத்துக்குள் மூடியில் செருகிய குழாய் குமிழி விட ஆரம்பித்தது. திங்களன்று நுரை குழாய் வழியாகப் பொங்கித் தரையெல்லாம் ஒட்டியது. சந்தோஷமாகத் துடைத்தேன். இன்று காலை பார்த்தால் நுரையைக் காணோம். வாளிச் சுவரில் பழுப்பு வளையம், மேலே இரண்டு மூன்று திட்டுகள். குழாய் எப்போதாவது ஒரு குமிழி விடுகிறது.

போன இரண்டு தடவையும் இதே கதைதான். போட்டோ அனுப்பினேன், "செத்துப்போச்சு, கொட்டிரு" என்றீர்கள். கொட்டினேன். இப்போதும் கேட்கிறேன், இது இயல்பா இல்லையா?

ஒப்பந்தம் நினைவிருக்கட்டும். மூன்று வாளியில் ஒன்றாவது தேறி, டோ மியா சான் தன் பியர் கடைக்கு என்னை எடுத்துக்கொண்டால் நீங்கள் ஊர் திரும்ப வேண்டும். தேறாவிட்டால் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, நீங்கள் பார்த்துவைத்திருக்கும் மெஸ்ஸில் காய் நறுக்க வேண்டும். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வியாழக்கிழமை அந்த அம்மா ருசி பார்க்கிறார். கடைக்கு உரிமம் இருக்கிறது, தயாரிக்கத்தான் ஆள் இல்லை. இருபது வருடம் ஊரார் கல்யாணங்களுக்குக் காய் நறுக்கியாயிற்று, மச்சான். எனக்கு இது வேண்டும்.

மின்சாரம் நாளுக்கு நான்கு மணி நேரம் வருகிறது. வாளியைச் சுற்றி ஈரக் கைலி சுற்றியிருக்கிறேன். உங்கள் கைலிதான்.

அன்புடன்,
ஜெயந்தி

பாங்காக்
29 மார்ச் 2024

அன்புள்ள ஜெயந்திக்கு,

கடிதமும் நீ கொடுத்தனுப்பிய கருவாடும் கிடைத்தன. அறையில் இருந்த நான்கு பேரும் கருவாட்டை ஒரே நாளில் காலி செய்துவிட்டார்கள்.

வாளி விஷயத்துக்கு வருகிறேன். நான் தினமும் எட்டுத் தொட்டிகளோடு கிடப்பவன். எங்கள் பியர் ஆலையில் நுரை ஐந்தாறு நாள் குறையாமல் நிற்கும். பிறகுதான் மெல்ல மெல்ல அடங்கும். இரண்டே நாளில் விழுந்தால் ஈஸ்ட் செத்துவிட்டது என்று அர்த்தம். பழுப்புத் திட்டு நல்ல அடையாளம் இல்லை. கொட்டிவிடு. அதை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா முன்னால் அவமானப்பட வேண்டாம்.

நீ முயன்றாய். யாரும் குறை சொல்ல முடியாது. நம் ஊர் வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் பியர் சரிப்படாது, அவ்வளவுதான். மெஸ்காரர் கபீரிடம் சொல்லிவிட்டேன். இருபதாம் தேதிக்கு வந்துவிடு. தனி அறை ஒன்று பார்த்திருக்கிறேன், ஜன்னல் உண்டு. ஒன்றரை வருடமாகத் தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சோறே கசக்கிறது, ஜெயந்தி. உன் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உன்,
பொன்னுத்துரை

யாங்கோன்
5 ஏப்ரல் 2024, வெள்ளி

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் திங்களன்று வந்தது. படித்துவிட்டு அரைமணி நேரம் அழுதேன். பிறகு கொட்டலாம் என்று வாளியைக் குளியலறைக்கு இழுத்துப் போனேன். மூடியைத் திறந்ததும் வாசம் வந்தது, மச்சான். அப்போதுதான் சுட்ட ரொட்டியின் வாசம். செத்துப்போன எதுவும் இப்படி மணக்காது.

போன இரண்டு தடவையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டியவள் நான். ஒரு வாய்கூட நாக்கில் வைத்ததில்லை. அன்றைக்கு ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன். இனிப்பே இல்லை. கசப்பும், பின்னால் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு மணமும். காய்ச்சும்போது அந்தச் சாறு பல் கூசும் அளவுக்கு இனித்தது. சர்க்கரையெல்லாம் எங்கே போயிற்று? ஈஸ்ட் உயிரோடு இருந்து தின்றிருக்கிறது, வேறென்ன!

உங்களிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை கரும்புச்சாறு காய்ச்சுகிறவர்கள் வாங்கும் கண்ணாடி மிதவை ஒன்று வாங்கியிருந்தேன். சர்க்கரை குறையக் குறைய அது ஆழமாக இறங்கும். வாளி போட்ட அன்று ஐம்பதில் நின்றது. கெட்டுவிடுமோ என்று பயந்து அதன்பின் உள்ளே விடவில்லை. வாசம் வந்த திங்களன்று விட்டேன், பத்து. செவ்வாயும் பத்து, புதனும் பத்து. வேலை முடிந்துவிட்டது, அதனால்தான் நுரை விழுந்தது. புதன்கிழமையே பாட்டிலில் அடைத்துவிட்டேன். முப்பத்தெட்டுப் பாட்டில்.

அப்படியானால் அந்த முதல் இரண்டு வாளிகள்? ஈஸ்ட் பாக்கெட்டின் காலி உறையை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் ஆலையில் தெரிந்தவர் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள்.

இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ஜெயந்தி

பாங்காக்
8 ஏப்ரல் 2024

ஜெயந்தி,

உறையை எங்கள் தலைமை பியர்த் தயாரிப்பாளரிடம் காட்டினேன். வயதானவர், தாய்லாந்துக்காரர். பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது சூடு தாங்குற ஈஸ்டு. முப்பத்தஞ்சு டிகிரியில வச்சா ரெண்டு நாளுல முடிச்சிட்டுப் படுத்துக்கும். உங்க ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். எங்கள் தொட்டிகள் குளிர்பதனத்தில் இருப்பவை, ஈஸ்டும் வேறு. பழுப்புத் திட்டும் வளையமும் ஆரோக்கியமான பியரில் வருபவைதானாம்.

அந்த இரண்டு வாளியும் நல்ல பியர். நான்தான் கொட்டச் சொன்னேன்.

எட்டுத் தொட்டிகளோடு கிடப்பவன் என்று எழுதினேன் அல்லவா? நான் அவற்றைக் கழுவுகிறேன், ஜெயந்தி. வெறும் தொட்டிக்குள் இறங்கித் தேய்க்கிற வேலை. பியரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையை யாரும் எனக்குத் தரவில்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. போட்டோ வந்த அன்றே இவரிடம் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் இருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் நல்லது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். நீ தோற்றால்தானே இங்கே வருவாய். உள்ளுக்குள் நீ தோற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை நீ ஜெயிக்க வேண்டும். இந்தத் தடவை மனசாரச் சொல்கிறேன்.

பொன்னுத்துரை

யாங்கோன்
12 ஏப்ரல் 2024, வெள்ளி

அன்புள்ள மச்சானுக்கு,

ஜெயித்துவிட்டேன்!

நேற்று மூன்று மணிக்கு இருபது பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து, சைக்கிள் ரிக்‌ஷாவில் சூலே பக்கம் அந்த அம்மாவின் கடைக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தேன். டோ மியா சான் ஒரு கிளாஸில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மா ஜெயா, கலங்கலா இருக்கே?"

"வெறும் கண்ணால பாத்தே ரெண்டு வாளிய கொட்டிட்டேன் அக்கா. நீங்க குடிச்சுப்புட்டுச் சொல்லுங்க."

ஒரு மடக்குக் குடித்தார். கிளாஸோடு சமையல்கட்டுக்குள் போய்விட்டார். தொலைந்தது என்று பெட்டியை மூடினேன். திரும்பி வந்தபோது பின்னால் சமையல்காரர், கணக்கு எழுதும் அஸ்மா, மூட்டை இறக்க வந்த இரண்டு பேர், எல்லோர் கையிலும் ஆளுக்கொரு வெறும் கிளாஸ். "கவுங்டே, கவுங்டே! பிரமாதம்!" என்று சமையல்காரர் மேசையைத் தட்டினார். அரைமணி நேரத்தில் பதினான்கு பாட்டில் தீர்ந்தது. மீதி ஆறை டோ மியா சான் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"எப்ப ஆரம்பிக்கிற?" என்று கேட்டார். மே முதல் தேதி, மச்சான். கடைக்குப் பின்னால் நான்கு பெரிய தொட்டி. என் பெயரைக் கரும்பலகையில் எழுதப் போகிறாராம். பர்மிய எழுத்தில் வேண்டும், கீழே தமிழிலும் வேண்டும் என்று கேட்டேன். சரி என்றுவிட்டார்.

உங்கள் கடிதம் புதன்கிழமையே வந்தது. முதல் தடவை படித்தபோது கிழித்துப்போடலாம் என்றிருந்தது. இரண்டு வாளி போனது மட்டுமா? இரண்டு மாதம் எனக்குக் கைராசி இல்லை என்று நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் சீக்கிரம் தீராது, சொல்லிவிட்டேன். ஆனால் யாரும் கேட்காமல் நீங்களே எழுதினீர்கள். அதனால்தான் இன்றைக்கு இந்தக் கடிதத்தை முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். ஜெயித்ததைச் சொல்ல வேறு யார் முகமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நீங்கள் வரவேண்டும். டோ மியா சானிடம், "நாலு தொட்டிய நான் ஒருத்தியா கழுவ முடியாது அக்கா, பாங்காக்ல வேல தெரிஞ்ச ஆள் ஒண்ணு இருக்கு" என்று சொன்னேன். "நல்லாக் கழுவுவாரா?" என்று கேட்டார். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது என்றேன். வேலை உங்களுக்குத்தான். எது நல்ல பியர், எது கொட்ட வேண்டியது என்பதை நான் சொல்வேன், நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்மதமென்றால் மாதக் கடைசிக்குள் புறப்பட்டு வாருங்கள்.

நிறைந்த அன்புடனும் கொஞ்சம் கோபத்துடனும்,
உங்கள் ஜெயந்தி