வாகைக் கட்டையில் இருந்த வண்டு

12.10.99
என் ஆறு பாட்டிலும் இன்றும் சும்மாதான் கிடக்கின்றன. மரக்காளானைப் பிய்த்து வந்து பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, உள்ளே குடியிருக்கும் வண்டு வெளியே வரட்டும் என்று என் பிஎச்.டி.க்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன். ஜூனில்தான் எம்.ஃபில். சேர்ந்தான் தமிழ்மாறன். அவன் பாட்டிலில் பதினோரு வண்டு. கடுகளவு. எங்கள் வழிகாட்டி சார் லென்ஸை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே தம்பி" என்கிறார்.

என்னிடம் ஒருநாளாவது அப்படிச் சொன்னாரா?

13.10.99
எங்கே எடுத்தாய் என்று அவனையே கேட்டேன். மறைக்கவாவது செய்தானா? "கப்பலூர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு பட்டுப்போன வாகைக் கட்டை கெடக்குக்கா. காளானுக்குக் கீழ மாவு உதிர்ந்திருந்தா உள்ள வண்டு இருக்கும். அம்புட்டுத்தேன்."

அம்புட்டுத்தானாம். வயிறு எரிகிறது. எரியட்டும்.

21.10.99
வண்டுகள் கல்கத்தாவில் இருக்கும் வண்டு நிபுணர்களுக்குப் போகின்றன, பெயர் கண்டுபிடிக்க. ஒவ்வொன்றின் கீழும் நகத்தளவு சீட்டு: ஊர், மரம், தேதி, எடுத்தவர். எழுதச் சொல்லி என்னிடம்தான் தந்தான். "உங்க எழுத்துதான்க்கா பொடிசா, அழகா இருக்கு."

அவன் பெயரில் கைவைக்க மனம் வரவில்லை. ஊரை மாற்றினேன். கப்பலூருக்குப் பதில் பசுமலை. பதினோரு சீட்டிலும். அவன் ஊர் புத்தகத்தில் ஏறக்கூடாது - வேறென்ன காரணம் சொல்ல?

22.10.99
பார்சல் போய்விட்டது. சீ.

24.1.2000
பதில் வந்துவிட்டது. புது இனமாக இருக்கலாம், பசுமலையிலிருந்து இன்னும் இருபது வேண்டுமாம். "பசுமலையா? கப்பலூர்னுதானே சொன்ன?" என்றார் சார். தமிழ்மாறன் என்னைப் பார்த்தான். "சீட்டு எழுதுறப்ப நான்தான் சார் மாத்திச் சொல்லிட்டேன்."

சார் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் பாட்டில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பாவி. நல்லவனாக இருப்பதிலும் எனக்கு முந்திக்கொள்கிறானே.

25.1.2000
சாரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "இனி சீட்டு நீ எழுத வேண்டாம் ஹம்சவேணி." திட்டியிருக்கலாம்.

30.1.2000
அந்த இருபது வண்டுக்காகத் தமிழ்மாறனோடு கப்பலூர் போனேன். அவன் அம்மா இருளாயி, சாப்பிடாமல் விடவில்லை. அந்த வாகைக் கட்டையின் மறுபக்கம் ஒரு காளான், கீழே மாவு. முதலில் பார்த்தது நான். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்புறம் அவனைக் கூப்பிட்டேன்.

23.2.2000
இருபத்து மூன்று வண்டு. சீட்டுகளை என்னிடமே நீட்டினான். சார் வேண்டாம் என்றாரே என்றேன். "கேட்டுட்டேன்க்கா. எழுதுங்க."

கப்பலூர், வாகைக் கட்டை, எடுத்தவர் தமிழ்மாறன் - இருபத்து மூன்று தடவை. "உங்க பேரையும் போடுங்கக்கா, நீங்கதானே பார்த்தீங்க" என்றான்.

போடவில்லை. ஆசையாகத்தான் இருந்தது.