கம்பெனிப் புத்தகத்தில் நாற்பது வயது

சேசு மரி சூசை துணை

தாராவி, பம்பாய்-17
14-10-64, புதன்

அன்பு மகள் ரோஸிக்கு அப்பா மரியசூசை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாதாவின் கிருபையில் இங்கே அம்மாவும் தம்பி ஞானசீலனும் சுகம், நானும் சுகம் என்றே வைத்துக்கொள். அஸ்ஸாம் குளிரில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிற நீ நன்றாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் உன் பெயரைச் சொல்கிறோம். நீ அனுப்பிய தேயிலை வந்தது, அம்மா பாதியைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பூட்டி வைத்திருக்கிறாள்.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்காதீர்கள், கொஞ்சம் உடம்பை அசையுங்கள் என்று எழுதியிருந்தாய். நீ அங்கே எழுதினாய், இங்கே கம்பெனிக்குக் கேட்டுவிட்டது. செம்பூர் மருந்துக் கம்பெனியில் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டிலில் தூசி இருக்கிறதா என்று பார்க்கிறவன்தானே நான், எங்களைப் போல உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் வியாதி அதிகம் என்று புதிதாக வந்த பர்சனல் ஆபீசர் தினமும் நாலு மணிக்குக் கால் மணி நேரம் கசரத் வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், அவரும் எங்களோடு வியர்க்க வியர்க்கச் செய்கிறார். பொடியன்களுக்கு முதுகுவலி போயிருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் நின்ற இடத்தில் கையைத் தூக்கி இறக்கினால் போதும், அதற்குக் கீழே உள்ளவர்கள் மூன்று மாடிப் படியை நாலு தடவை ஓடி ஏறி இறங்க வேண்டும். இதில்தான் உன் அப்பன் மாட்டிக்கொண்டான்.

உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். நாற்பத்து நாலாம் வருஷம் நானும் பூதத்தானும் ஊரிலிருந்து வந்து கேட்டில் நின்றபோது, இருபத்தஞ்சுக்கு மேல ஆள் எடுக்கமாட்டான், இருபதுன்னு சொல்லுங்கலே என்று ஆள் சேர்க்கிற முகாதம் சொன்னார். நம் ஆட்கள் பாதிப்பேர் அப்படித்தான் உள்ளே போனோம். எனக்கு அப்போது முப்பது. கம்பெனிப் புத்தகத்தில் இன்றைக்கும் நாற்பதுதான், அந்தக் கணக்கில் நீ பிறந்தபோது எனக்குப் பதினைந்து வயது, சிரிக்காதே. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எப்போதோ சொல்லிவிட்டேன், ஆபீசரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னால் பொய் சொல்லிச் சேர்ந்தவன் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள்.

போன மாதம் பூதத்தான் மூன்றாம் தடவை ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த கம்பெனி ஆட்கள் முன்னாலேயே அவன் பெண்சாதி பேராச்சி, அம்பத்திரெண்டு வயசு மனுசன ஓடவிட்டுக் கொன்னுட்டியளே என்று மாரில் அடித்து அழுதுவிட்டாள். வந்தவர்களில் ஒரு கிளார்க் தமிழன், குறித்துக்கொண்டான். பூதத்தான் இடத்தை அவன் மகனுக்குத் தருகிறோம் என்றவர்கள் இப்போது வயது விசாரணை முடியட்டும் என்கிறார்கள். பூதத்தானோடு சேர்ந்தவர்கள் பெயரையெல்லாம் எடுத்திருக்கிறார்கள்.

நேற்று ஆபீசர் என் மேஜைக்கு வந்து, உனக்கு இப்படி மூச்சு வாங்குகிறதே, நிஜமாகவே நாற்பதுதானா என்று ஹிந்தியில் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்து, சனிக்கிழமை படிப் போட்டியில் பாருங்கள் சாப் என்று சொல்லிவிட்டேன். எந்தச் சனியன் என் நாக்கில் உட்கார்ந்ததோ தெரியவில்லை. நாற்பத்தைந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆபீசர் வைத்திருக்கிற போட்டி அது, எட்டுத் தடவை ஏற வேண்டுமாம்.

இரண்டு வாரமாகப் படி ஏறினால் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது. இடது கை விரல்வரை மரத்துப்போகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடும். வாயு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவளும் ஓமத்தண்ணீர் கொடுக்கிறாள். நர்ஸு மகள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது ரோஸி. இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஏழு நாளாகும் என்பதும் தெரியும். தந்தி அடித்தால் நீ என்னைத் தடுத்துவிடுவாய், அதனால்தான் தபாலில் போடுகிறேன். ஜனவரியில் ஞானசீலனுக்குப் பதினெட்டு முடிகிறது, என் இடம் அவனுக்குக் கிடைத்தாக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ வந்து சேரும்போது கம்பெனி ஆட்கள் வீட்டில் இருந்தால், அம்மாவை உள்ளே கூட்டிப்போய் அவள் வாயைப் பொத்திவிடு. எத்தனை பேர் கேட்டாலும் அப்பாவுக்கு நாற்பது வயதுதான்.

உன் அப்பா,
மரியசூசை