கறுப்பாய் வந்த செம்பருத்தி

அக்கா,

மருமகளின் தம்பி நேற்று ஒரு படப்பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். மழை விட்டு வெயில் நன்றாகப் பிடித்துவிட்டது. தண்ணிமலைக்குப் போகிற சாலையெல்லாம் அங்சானா மரத்துப் பூ மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிறது. நம் முற்றத்திலும் முல்லை, செண்பகம், அலரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பூ. அதையெல்லாம் படம் எடுக்கப் போகிறானாம். காப்பி குடிக்க உள்ளே போனவன், பெட்டியைத் தோலுறையோடு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். வெயில் பட்டுச் சூடேறிய அந்தத் தோல் வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள், மூக்குத்தியும் நெற்றி வியர்வையுமாக.

செத்துப் போனவர்களுக்குக் கடுதாசி எழுதுவார்களா என்று மருமகள் கேட்கிறாள். எழுதினால் யார் என்ன செய்துவிடுவார்கள்? இரண்டாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணிக்கொண்டு போகும். நீங்கள் நேராக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன்காரன் சண்டை மூள்வதற்கு முந்தின காலம் அது. நான் கல்யாணமாகி இந்தப் பினாங்கில் வந்து இறங்கியிருந்தேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் தொங்கான் படகுக்குத் தண்டல், படகாட்களுக்குத் தலைவர். வீட்டில் அவருடைய அக்காளும் அக்காள் புருஷனும் எங்களோடு இருந்தார்கள். இருந்தார்கள் என்று சொல்வது தப்பு. அந்த நாத்தனார்தான் வீட்டை ஆண்டாள். உப்பு ஜாடி அவள் கையில், அரிசிப் பானை அவள் கையில், என் வாய் அவள் கையில். பக்கத்து வீட்டில் நீங்கள், ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியின் பெண்சாதி. இரண்டு முற்றத்துக்கும் நடுவில் செம்பருத்தி வேலி. நீங்கள் அதைச் செவ்வரத்தை என்பீர்கள். உங்கள் ஊரில் வேலிக்கு வெட்டி நடும் தடிக்குக் கதியால் என்று பெயராம். அந்த வார்த்தையைக் கேட்டு முதலில் சிரித்தேன். இப்போது என் பேரப்பிள்ளைகளும் கதியால் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த வேலியில் ஓரிடத்தில் கிளை கொஞ்சம் விலகி இருக்கும். எனக்கு அதுதான் வாசல். நாத்தனார் மத்தியானம் கண்ணயரும்போது அந்த இடைவெளியில் முகத்தை வைத்துக்கொண்டுதான் மூச்சு விடுவேன். குழம்பு அந்த வழியாகப் போகும், உங்கள் வீட்டுப் பிட்டு அந்த வழியாக வரும். வெள்ளைக்காரன் ஊரில் பனி விட்டதும் வசந்தம் என்று ஒன்று வருமாம் என்று நீங்கள் கதை சொன்னது அந்த இடைவெளியில்தான். “இஞ்ச மழை விட்டாச் சரி, அதுதான் எங்கட வசந்தம்” என்பீர்கள். உண்மைதான். சீனப் பெருநாளுக்கு வெடி கேட்கத் தொடங்கும்போது நம் வேலி முழுக்கச் சிவந்து நிற்கும்.

அந்த வருஷம்தான் உங்கள் வீட்டுக்காரர் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஊர் திரும்பும் துரைமார் வீட்டுச் சாமான் லேலாங்கில் ஏலம் போகுமே, அதில் எடுத்தது. அவர் உங்களை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். அதன் பிறகு பெட்டி உங்கள் கைக்கு வந்துவிட்டது. நீங்கள் மனிதர்களை எடுக்கவில்லை. பூவை எடுத்தீர்கள். தெரு முழுக்கச் சிரித்தது. கல்யாணத்துக்கு எடுப்பார்கள், பிணத்துக்கு எடுப்பார்கள், வாடிப்போகிற பூவுக்கு எவளாவது படச்சுருளை வீணாக்குவாளா என்று என் நாத்தனார் குழாயடியில் கேட்டாள். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் ரோஜாவின் மூஞ்சிக்குப் பக்கத்தில் பெட்டியைக் கொண்டுபோய் எடுத்தீர்கள். படத்தில் ரோஜா இல்லை, கஞ்சி கொட்டினது மாதிரி ஒரு மங்கல். தள்ளி நின்றால்தான் அந்தப் பெட்டிக்குக் கண் தெரியும் என்று புரிந்தது. தள்ளி நின்றால் ஒற்றைப் பூ கடுகாகிவிடும். அப்படியென்றால் வேலியையே எடுப்போம் என்றீர்கள். இலைக்கும் பூவுக்கும் பின்னால் வெள்ளையாக ஏதாவது இருந்தால் எடுப்பாகத் தெரியும் என்று உங்களுக்கு ஒரு யோசனை. நான் உள்ளே போய், கொடியில் காய்ந்த என் வீட்டுக்காரர் வேட்டியை உருவி வந்து வேலிக்குப் பின்னால் விரித்துப் பிடித்தேன். செம்பருத்தி சாயங்காலம் சுருண்டுவிடும் என்பதால் காலையிலேயே எடுத்தோம். பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே இருந்த சின்னக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தீர்கள். “ஆடாமல் நில்லும் பிள்ளை. மூச்சையும் பிடியும்.” பூவைத்தானே எடுக்கிறீர்கள், நான் ஏன் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டு நான் சிரித்ததில் வேட்டி குலுங்கியது. அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தோன்றியது.

படம் கழுவி வருவதற்குள் என் வீட்டுக்காரர் குளிர்காய்ச்சலில் விழுந்தார். கொயினா மருந்தும் கஷாயமும் கொடுத்தும் உதறல் நிற்கவில்லை. நான் அவர் கால்மாட்டில் இருந்த நேரம் படம் வந்தது. நீங்கள் வேலி வழியாக நீட்டினீர்கள். வாங்கியது என் கையல்ல, நாத்தனார் கை.

படத்தில் செம்பருத்தி கறுப்பாக இருந்தது. ஒன்று இரண்டல்ல, அத்தனை பூவும் கரிக்கட்டை. பின்னால் வெள்ளை வேட்டி, பாடைமேல் போர்த்தும் கோடித்துணி மாதிரி.

நாத்தனார் கத்தவில்லை, அழவில்லை. படத்தைத் தரையில் போட்டுவிட்டுச் சொன்னாள். ஆத்தாளுக்குச் சாத்துகிற பூ கறுத்துவிட்டது. தம்பி வேட்டியை அதற்குப் பின்னால் பிடித்தது யார்? பூவின் உயிரை அந்தப் பெட்டி குடித்துவிட்டது, இனி இந்த வீட்டு உயிரைத்தான் குடிக்கும். விடிந்ததும் ஆள் கூப்பிட்டு வேலியை வேரோடு வெட்ட வேண்டும். தகரம் அடிக்க வேண்டும். அந்த யாழ்ப்பாணத்துக்காரி முகத்தில் இனி யாரும் விழிக்கக் கூடாது.

எனக்குப் பூ போகிற வருத்தம் இருந்தது. அதைவிட, அந்த இடைவெளி போனால் நான் இந்த வீட்டுக்குள் எப்படி இருப்பேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

நீங்கள் சும்மா இருக்கவில்லை. ரிக்‌ஷா பிடித்துப் படக்கடைச் சீனனிடம் போய்க் கேட்டீர்கள். அவன் தலையைக்கூட நிமிர்த்தாமல், “மேரா மெமாங் ஜாடி ஹீத்தாம்லா” என்றானாம். சிவப்பு கறுப்பாகத்தான் விழும், அவ்வளவுதான். எந்தச் சிவப்பும் அப்படித்தான். நீங்கள் திரும்பி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே இதைச் சொன்னீர்கள். “சீனன் வியாபாரத்துக்கு ஆயிரம் சொல்லுவான்” என்று நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் புருஷன் கூடத்தில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷர் எதிலும் வாயைக் கொடுக்க மாட்டார், வெற்றிலையைத் தவிர.

எந்தச் சிவப்பும் என்று நீங்கள் சொன்ன அந்த வார்த்தை என் தலைக்குள் சுற்றியது. நான் நிமிர்ந்து கூடத்துச் சுவரைப் பார்த்தேன். தினமும் தூசி தட்டுகிற படம்தான். நாத்தனாருக்குக் கல்யாணமான புதிதில் கடையில் போய் எடுத்தது. அவள் உட்கார்ந்திருக்கிறாள், புருஷன் நிற்கிறார். கட்டியிருப்பது அவளுடைய கூறைப்புடவை. தீபாவளிக்குத் தீபாவளி பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிப் பெருமை பேசுவாளே, ரத்தச் சிவப்பில், அதே புடவை. படத்தில் அது கறுப்பு. நெற்றிப் பொட்டும் கறுப்பு. அத்தனை வருஷம் அந்த வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

முக்காலியைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். அந்த வீட்டில் கேட்காமல் ஒரு தம்ளரைக்கூட நான் நகர்த்தியதில்லை. கொண்டுவந்து அவள் முன்னால், வேலிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“மதினி, இது எந்தப் புடவை?”

“ஏன், உனக்குத் தெரியாதா? என் கூறைப்புடவை.”

“அது என்ன நிறம்?”

அவள் முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள்.

“பொட்டுகூட கறுத்துத்தான் இருக்கு மதினி. பூ கறுத்தா வீட்டுக்கு ஆகாதுன்னா, பொட்டு கறுத்தா யாருக்கு ஆகாது? அண்ணன் இந்தா இருக்காரு, வெத்தலை போட்டுக்கிட்டு. அவருக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

அவள் புருஷனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம் தெறித்தது. “நான் நல்லாத்தான் இருக்கேன்மா, நீ சொல்லு” என்றார். நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையில் செம்பருத்தி என்ன, பனைமரமே கருகியிருக்கும். உள்ளே உதறிக்கொண்டு கிடந்த என் வீட்டுக்காரர், “அக்கா, வேலியத் தொடாதே” என்றார். குரல் ஈனமாக வந்தாலும் வந்தது. அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல் விட்டது.

ஆனால் அவள் விட்டாளா? பிரசவத்துக்கு நான் பட்டர்வொர்த்தில் சித்தி வீட்டுக்குப் போனேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகேறித் திரும்பி வந்தால், வேலி இருந்த இடத்தில் என் தலையைவிட உயரமாகத் தகரம். வீட்டுக்காரர் படகில் போயிருந்த நேரம் பார்த்து ஆள் வைத்து வெட்டியிருக்கிறாள். பிள்ளை பெற்ற வலியையும் தாண்டி எரிந்தது எனக்கு. அதை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை. செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். அவள் உயிரோடு இருந்தபோதும் முகத்துக்கு நேரே இதையேதான் சொன்னேன்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் நீங்கள் டொக் டொக் என்று தட்டினீர்கள். “பிள்ளை, அழாதையும். வெட்டினவன் எறிஞ்ச தடியெல்லாம் பொறுக்கிப் பால்டின்னில நட்டு வச்சிருக்கிறன். முழுக்க முளைச்சிட்டுது.” வெட்டி எறிந்தால் செத்துப்போகிற சாதியா செம்பருத்தி? மறுநாள் காலை நாத்தனார் பார்த்துக்கொண்டு நிற்கவே, தெருவாசல் வழியாக, நடுவீட்டின் ஊடாக, நீங்கள் அந்தக் கதியால்களைச் சுமந்து வந்தீர்கள். உங்கள் பக்கத்தில் நீங்களும் என் பக்கத்தில் நானும், தகரத்தின் அடியோடு அடியாக நட்டோம். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். எப்படித் தடுப்பாள்? கூறைப்புடவைப் படம் அதற்குப் பிறகு சுவருக்குத் திரும்பவேயில்லை.

மறுவருஷம் மழை விட்டபோது இரண்டு பக்கச் செடியும் தகரத்துக்கு மேலே ஏறி, ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு நின்றன. நீங்கள் தெருவில் நின்று அதைப் படம் எடுத்தீர்கள். கறுப்பாகத்தான் வந்தது. உள்ளே போய் நாத்தனாரிடமே கொண்டு காட்டினேன்.

அவள் செத்தபோது பாடைக்குப் பூக் கேட்டு ஆள் வந்தது. கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வேலியிலிருந்து ஒரு பூ பறிக்க விடவில்லை. தெரு பேசியது. பேசட்டும்.

உங்களவருக்குத் தைப்பிங்குக்கு மாற்றல் வந்தது. பிறகு ஊரோடு போனீர்கள். ஊரிலேயே போய்ச் சேர்ந்த செய்தி உங்கள் மகன் வழியாகத்தான் எனக்கு வந்தது. நான் வந்து வாய்விட்டு அழவும் முடியவில்லை, நடுவில் அவ்வளவு கடல். தைப்பிங்குக்கு வண்டி ஏறிய அன்று நான் வாசலில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தத் துணியை இழுத்து எடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: “நீர் சுவர்ப் படத்தைக் கழட்டின அண்டைக்குத்தான் உம்மட குரலை முதல்ல கேட்டனான். ஆர் சொன்னாலும் இனி அதைத் தணிக்காதையும்.”

தணிக்கவில்லை அக்கா. வீட்டுக்காரரிடம் தணிக்கவில்லை, வாடகை கேட்க வந்த சீன முதலாளி தவுக்கேயிடம் தணிக்கவில்லை, கோயில் கமிட்டியில் பெண்பிள்ளைக்கு என்ன பேச்சு என்றவனிடமும் தணிக்கவில்லை. இப்போதுகூட உள்ளேயிருந்து மகன் கேட்கிறான், எழுதுகிறபோதும் ஏன் இப்படிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிறாய் என்று. யாழ்ப்பாணம் வரைக்கும் கேட்க வேண்டாமா என்று சொல்லியிருக்கிறேன்.