மிளகுத் தூசிக்கு ஓர் ஊக்க வாசகம்

நவ. 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வேலைக்கு அலுவிகாரை வரை பஸ்ஸில் நின்றபடி. குடை வீட்டில்.

எங்கள் தொழிற்சாலையில் மிளகு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அதற்குள் வேலை செய்கிற 38 பேருக்கும் ஒஃபிஸ் கிளார்க் நான் இங்கிலீஷில் ஊக்க அட்டை எழுத வேண்டுமாம். மெனேஜர் சேரின் உத்தரவு. எல்லாரும் அட்டையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்க வேண்டும். தொழிலாளரை ஊக்கப்படுத்துகிறோம் என்பதற்குச் சாட்சி.

அதிலும் இரண்டு வகை. ஒஃபிஸ்காரர் ஆறு பேருக்கு மரியாதையான வாசகம்: உங்கள் உழைப்பை மதிக்கிறோம், மேலும் சிறக்க வாழ்த்துகிறோம். மிளகு சலிக்கும் பெண்களுக்குக் கூட்டாளியிடம் சொல்வது போல: கமோன், யூ கேன் டூ இட், கீப் கோயிங்.

"ஏன் சேர் ரெண்டு விதம்?"

"அவங்க என்ன வாசிக்கவா போறாங்க? ஜாலியா இருக்கட்டும் மிஸ்."

ஐம்பது வயதுப் பெண்ணுக்குக் கமோன். தன் அம்மாவிடம் சொல்வாரா? பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு அட்டை முடித்தேன்.

வாங்க: இஞ்சி, உம்மாவின் பிரஷர் மாத்திரை, கறுப்பு மார்க்கர்.

நவ. 11, செவ்வாய்

மழை. 25 அட்டை முடிந்தது.

செல்வி அக்கா வந்தார். சல்லடைப் பகுதியில் பதினோரு வருடம். ஓயாத இருமல். மிளகுத் தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். லேபல் ஒட்டும் மேசைக்கு மாற்றச் சொல்லிப் போன மாதம் கடிதம் எழுதிக் கொடுத்தது நான்தான். இன்றுதான் பதில். கடிதத்தின் மூலையில் சேரின் பச்சை மையில் 'ஹேங் இன் தேர்'. பக்கத்தில் ஒரு சிரித்த முகம்.

தாக்குப்பிடி என்று அர்த்தம். சோதனைக்குப் படிக்கும் கூட்டாளிக்குச் சொல்வது. மூச்சு முட்டுகிறவருக்கா?

"என்னா மிஸ் எழுதியிருக்காரு? சிரிச்ச மூஞ்சியெல்லாம் போட்டிருக்காரே."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சேர், எங்களையே பார்த்தபடி.

"தைரியமா இருங்கன்னு எழுதியிருக்கார்" என்றேன். முடியாது என்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. கோழை.

நவ. 12, புதன்

மழை விட்டது. கோபம் விடவில்லை.

செல்வி அக்கா காலையிலேயே தோய்த்த ஏப்ரனோடு லேபல் மேசையில் போய் உட்கார்ந்துவிட்டார். மாற்றம் கிடைத்துவிட்டது என்றே நம்பியிருக்கிறார். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் எழுப்பினான்.

"ஒன்ன யாரு இங்க வரச் சொன்னது?"

"சேர்தாங்க. சிரிச்ச மூஞ்சி போட்டுக் குடுத்தாரு."

கூட வேலை செய்கிறவர்களே சிரித்தார்கள். திரும்பவும் சல்லடை. இருமல் ஒஃபிஸ் வரை கேட்டது.

சேர் மேல் கோபம். அதைவிட என் மேல். இங்கிலீஷைச் சிங்களத்தில் கடுவ, அதாவது வாள் என்பார்கள். சும்மாவா சொன்னார்கள்? நேற்று நான் அதை உறையிலேயே வைத்துக்கொண்டேன்.

உம்மா: "என்ன மகள், சோத்தப் பெசஞ்சிட்டே இருக்கீங்க?"

நவ. 13, வியாழன்

37 முடிந்தது. மிச்சம் செல்வி அக்காவின் அட்டை.

சாப்பாட்டு நேரம் பைப்படியில் பிடித்துச் சொல்லிவிட்டேன். "அக்கா, அது முடியாதுங்கிற பதில்தான். நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒங்களுக்கும் பயம் இருக்கும்ல மிஸ்." நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"ஒங்க அட்டையில என்ன எழுதட்டும்?"

"நடந்தத எழுதுங்க."

"வேலைக்கு ஆபத்து அக்கா."

"இருமிச் சாவுறதுக்கு அது மேல். நான் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

இங்கிலீஷில் மூன்று வரி எழுதினேன். தமிழில் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

நவ. 14, வெள்ளி

நல்ல வெயில். வரிசையாக நிற்க வைத்தார்கள். வந்தவர்களில் ஒரு பெண் ஒவ்வோர் அட்டையாக வாசித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். செல்வி அக்காவிடம் நின்றாள்.

'மிளகுத் தூசியில் வேலை செய்யக் கூடாது என்று டொக்டர் சொன்னார். வேறு பகுதி கேட்டேன். தாக்குப்பிடிக்கச் சொன்னார்கள்.'

இரண்டு முறை வாசித்தாள். இது உண்மையா என்று சேரிடம் கேட்டாள்.

சேர் சிரித்தார். எங்கள் மிஸ்ஸுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் மட்டு, எதையோ மாற்றி எழுதிவிட்டார் என்றார்.

முன்னால் போனேன். எழுதியது நான்தான், ஒவ்வொரு சொல்லும் தெரிந்தே எழுதினேன், கொஞ்சம் நின்று செல்வி அக்கா இருமுவதைக் கேளுங்கள் என்றேன். இங்கிலீஷில்.